அழுத்தமானி காட்டும் எண்



ஸ்போர்ட்ஸ் காரின் முகப்புப் பலகையில் வட்டங்கள் பல இருக்கும். ஒன்று வேகத்தைக் காட்டும். ஒன்று எஞ்சினின் சுழற்சியைக் காட்டும். ஒன்று எண்ணெயின் அழுத்தத்தைக் காட்டும். பந்தயத்துக்கென அமைந்த கார்களில் இவற்றோடு மற்றொரு சிறு வட்டத்தையும் காணலாம். எரிபொருளின் அழுத்தத்தைக் காட்டும் வட்டம் அது. எஞ்சின் முழு ஆற்றலுடன் இயங்கும்போது அதன் முள் இரண்டரை என்ற எண்ணில் நிற்கிறது என்று கொள்வோம். ஓட்டுபவர் மிதியிலிருந்து காலை எடுக்கிறார். உடனே முள் இரண்டுக்கு இறங்குகிறது. இவ்வாறு இறங்கியது பழுதா, இயல்பா?

வினா சிறியது. ஆயினும் இதற்குச் செம்மையான விடை கூற வேண்டுமானால் ஏறத்தாழ 380 ஆண்டுக்கால வரலாற்றை நாம் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். அவ்வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம் ஒன்றே: அழுத்தமானி காட்டும் எண் தனித்து நிற்கும் எண் அன்று. அஃது இரண்டு அழுத்தங்களுக்கு இடையிலுள்ள வேறுபாடு. எதனோடு ஒப்பிட்டு இந்த எண் கூறப்படுகிறது என்று கேளாமல் அதனைப் படிப்பவர் ஏமாறுவர். அவ்வாறு ஏமாறியதால் எஞ்சின்கள் அழிந்ததுண்டு. மனித உயிர்களும் போனதுண்டு.

எரிபொருளுக்கு அழுத்தம் எதற்கு என்பதை முதலில் காண்போம். 1908ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த ஃபோர்டு டி மாடல் காரில் பெட்ரோலை அனுப்பப் பம்பு எதுவும் கிடையாது. தொட்டி இருக்கைக்கு அடியில் இருந்தது. எஞ்சினின் கார்புரேட்டர் அதனினும் தாழ்வாக இருந்தது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் பாய்வதுபோலப் பெட்ரோல் தானே பாய்ந்தது. எளிய ஏற்பாடுதான். ஆனால் தொட்டியில் பெட்ரோல் குறைந்திருக்கும்போது கார் செங்குத்தான மலைப்பாதையில் ஏறினால், முன்னிருக்கும் எஞ்சின் உயர்ந்து தொட்டி தாழ்ந்துவிடும். பெட்ரோல் போய்ச் சேராது. ஆதலால் பலர் காரைத் திருப்பிப் பின்னோக்கியே மலையேற்றினர்.

பந்தயக் கார்களுக்கு இந்த எளிமை பொருந்தவில்லை. அவற்றின் தொட்டி பெரிது. எடை சமனாக அமைவதற்காகவும் பாதுகாப்புக்காகவும் அதனைப் பின்புறத்தில் தாழ்வாக வைத்தனர். அங்கிருந்து முன்புறத்திலுள்ள கார்புரேட்டருக்குப் பெட்ரோலை ஏற்ற வேண்டும். 1924ஆம் ஆண்டில் பிரான்சின் லியோன் நகரப் பந்தயத்தில் முதன்முதலாகத் தோன்றிய புகாட்டி 35 காரில் இதற்குக் கையாண்ட வழி காற்றழுத்தம். முகப்புப் பலகையருகே கையால் இயக்கும் காற்றுப் பம்பு ஒன்று இருக்கும். அதனை இயக்கினால் மூடிய பெட்ரோல் தொட்டிக்குள் காற்று புகுந்து நெருக்கும். அந்த நெருக்கத்தால் பெட்ரோல் குழாய் வழியாக முன்னேறும். எவ்வளவு நெருக்கம் இருக்கிறது என்பதைக் காட்ட ஓர் அழுத்தமானி உண்டு. சதுர அங்குலத்துக்குச் சில பவுண்டு போதும். குறைந்தால் எஞ்சின் பட்டினி கிடக்கும். மிகுந்தாலோ கார்புரேட்டரின் மிதவையும் அதன் வால்வும் அந்த உந்துதலைத் தடுக்க மாட்டாமல் பெட்ரோல் பொங்கி வழியும். சூடான எஞ்சின்மீது வழியும் பெட்ரோல் தீயை அழைக்கும். ஆகவே அச்சிறு முள்மீது எப்போதும் ஒரு கண் வைத்திருக்க வேண்டியதாயிற்று.

அந்த முள் எதனை அளந்தது? தொட்டிக்குள் இருந்த காற்றின் முழு அழுத்தத்தையா? அன்று. வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்டிலும் உள்ளே எவ்வளவு மிகுதி என்பதைத்தான் அது காட்டிற்று. முள் சுழியில் நிற்கும்போதும் தொட்டிக்குள் அழுத்தம் உண்டு; வெளியிலும் அதே அழுத்தம் இருப்பதால் வேறுபாடு இல்லை, அவ்வளவே. வெளிக்காற்றுக்கும் அழுத்தம் உண்டு என்ற உண்மை இன்று நமக்குப் பாடநூலின் முதல் வரி. ஒரு காலத்தில் அறிஞர்களும் அதனை அறியாதிருந்தனர்.

பதினேழாம் நூற்றாண்டின் இத்தாலியில், கிணற்றிலிருந்து நீரை உறிஞ்சும் பம்புகள் ஏறத்தாழ பத்து மீட்டர் உயரத்துக்கு மேல் நீரை ஏற்ற மறுத்தன. பம்பில் பழுது இல்லை. ஆயினும் நீர் அந்த எல்லையைத் தாண்டவில்லை. கலிலியோவும் இதைப்பற்றிச் சிந்தித்தார். அவருடைய இறுதி நாட்களில் உடனிருந்த டாரிசெல்லி என்பவர் நீருக்குப் பதிலாகப் பாதரசத்தை எடுத்துக்கொண்டார். பாதரசம் நீரைவிடப் பதின்மூன்றரை மடங்கு கனமானது. ஒருமுனை மூடிய நீண்ட கண்ணாடிக் குழாயில் அதனை நிரப்பிக் கிண்ணத்திலுள்ள பாதரசத்தில் கவிழ்த்தபோது, குழாயிலிருந்த பாதரசம் சிறிது இறங்கி, ஏறத்தாழ 76 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றுவிட்டது. இச்சோதனை 1643ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. குழாயினுள் இருந்து எதுவும் பாதரசத்தை மேலே இழுக்கவில்லை. வெளியிலுள்ள காற்றே கிண்ணத்தின்மீது அழுத்தி அதனைத் தாங்கி நிறுத்துகிறது என்று டாரிசெல்லி தெளிந்தார்.

இக்கருத்தை ஐயத்துக்கு இடமின்றிச் சோதிக்க விரும்பினார் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல். அவருடைய வேண்டுகோளின்படி அவருடைய சகோதரியின் கணவர் பெரியே, 1648ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள், பூய் தெ தோம் என்ற மலைமீது பாதரசக் குழாயுடன் ஏறினார். மலையுச்சியில் பாதரசம் ஏறத்தாழ எட்டு சென்டிமீட்டர் தாழ்ந்து நின்றது. உயரச் செல்லச் செல்ல மேலுள்ள காற்றின் சுமை குறைவதால் அழுத்தமும் குறைகிறது என்பது மெய்ப்பட்டது. இதில் நாம் மறவாது போற்ற வேண்டிய ஒரு செய்தி உண்டு. பெரியே மலையேறும் முன்னர், மற்றொரு குழாயை அடிவாரத்து மடத்தில் வைத்து, ஒரு துறவியைக் கொண்டு நாள் முழுவதும் பார்த்து வரச் செய்தார். கீழிருந்த அக்குழாயில் பாதரசம் அசையவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அந்த இரண்டாவது குழாய் இருந்ததால்தான் முதற் குழாய் கூறிய செய்திக்குப் பொருள் கிடைத்தது.

அடுத்து வந்தது நீராவியின் காலம். ஜேம்ஸ் வாட்டின் எஞ்சின்கள் வெளிக்காற்றைவிடச் சிறிதே மிகுந்த அழுத்தத்தில் இயங்கின. ரிச்சர்டு டிரெவிதிக் என்ற ஆங்கிலப் பொறியாளர் உயரழுத்த நீராவியைத் துணிந்து பயன்படுத்தினார். 1803ஆம் ஆண்டில் கிரீன்விச் என்ற இடத்தில் அவர் அமைத்த கொதிகலன் ஒன்று வெடித்து நால்வர் மாண்டனர். எஞ்சினை இயக்கியவர்களின் கவனக்குறைவே காரணம் என்றார் டிரெவிதிக். உயரழுத்த நீராவியே கொடியது என்றனர் அவருடைய போட்டியாளர்கள். டிரெவிதிக் வாதத்தோடு நின்றுவிடவில்லை. பின்னர் அவர் அமைத்த கொதிகலன்களில் இரண்டு பாதுகாப்பு வால்வுகள் வைத்தார். நீர் வற்றிச் சூடேறினால் உருகி நீராவியை வெளியேற்றும் ஈய அடைப்பு ஒன்றைப் பொருத்தினார். உள்ளே அழுத்தம் எவ்வளவு என்று காட்டும் பாதரசக் குழாயையும் சேர்த்தார். கண்ணுக்குத் தெரியாத அழுத்தத்தைக் கண்ணால் காணச் செய்வது உயிர் காக்கும் கடமை என்பது இவ்வாறு உணரப்பட்டது.

ஆனால் பாதரசக் குழாய்க்கு ஓர் இடர்ப்பாடு இருந்தது. சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அழுத்தத்தைக் காட்ட ஐந்து மீட்டருக்கு மேற்பட்ட உயரமுள்ள குழாய் வேண்டும். ஓடி அதிரும் இரயில் எஞ்சினின்மீது அத்தகைய கண்ணாடிக் குழாயை எங்ஙனம் நிறுத்துவது? இதற்கு விடை கண்டவர் பாரிஸ் நகரத்துப் பொறியாளர் யூஜின் போர்டன். நீராவி எஞ்சின் ஒன்றுக்காகச் சுருள் குழாய் செய்து கொண்டிருந்தபோது அக்குழாய் நசுங்கித் தட்டையாகிவிட்டதாம். அதனை மீண்டும் உருளையாக்க ஒருமுனையை அடைத்து உள்ளே நீரை அழுத்திச் செலுத்தினாராம். குழாய் உப்பியது, அதனோடு, சுருளும் தானே விரியத் தொடங்கிற்று. இக்காட்சியே அவருக்கு வழி காட்டியது என்பர். தட்டையான குழாயைப் பிறை வடிவில் வளைத்து, ஒருமுனையை அடைத்து, மறுமுனை வழியே அழுத்தத்தைச் செலுத்தினால், பிறை சிறிது நிமிரும். அச்சிறு அசைவைப் பற்சக்கரத்தின் துணையால் பெருக்கி முள்ளைச் சுழற்றலாம். 1849ஆம் ஆண்டில் போர்டன் இதற்குக் காப்புரிமை பெற்றார். உள்ளங்கையில் அடங்கும் பித்தளை வட்டம் ஐந்து மீட்டர் பாதரசத்தின் வேலையைச் செய்தது. 1851ஆம் ஆண்டின் இலண்டன் பெருங்கண்காட்சியில் அது பரிசும் பெற்றது. இரயில் எஞ்சினிலும், கப்பலிலும், பிற்காலத்தில் கார்களிலும் ஏறியது அந்தப் போர்டன் குழாய்தான்.

போர்டன் குழாயின் உட்புறத்தில் இருப்பது நாம் அளக்கும் அழுத்தம். அதன் வெளிப்புறத்தைச் சூழ்ந்திருப்பது டாரிசெல்லி கண்ட வெளிக்காற்று. குழாய் நிமிர்வது இவ்விரண்டின் வேறுபாட்டுக்கு ஏற்பவே. எனவே இக்கருவியின் சுழி என்பது வெளிக்காற்றின் அழுத்தம். எரிபொருள் அழுத்தமானியைப் படிப்பதற்கு வரலாறு தரும் முதல் விதி இது.

இரண்டாவது விதியை ஒரு போர்க்காலம் கற்பித்தது. 1940ஆம் ஆண்டில் பிரிட்டனின் வானில் நடந்த போரில், ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் ஆகிய போர்விமானங்களில் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சின் இருந்தது. பெட்ரோல் மிதவையுள்ள கார்புரேட்டர் வழியாக அதற்குச் சென்றது. விமானம் தலையைத் தாழ்த்தித் திடீரெனக் கீழ்நோக்கிப் பாய்ந்தால், மிதவை அறையிலிருந்த பெட்ரோல் மேற்புறத்துக்கு எறியப்படும். எஞ்சின் முதலில் பட்டினியால் தடுமாறும். அடுத்த நொடியில், தடம் புரண்ட மிதவை வால்வை அகலத் திறந்துவிட, பம்பு தள்ளும் பெட்ரோல் முழுவதும் பாய்ந்து எஞ்சினை மூழ்கடிக்கும். எஞ்சின் திணறும் அந்த இடைவெளியில் பகைவர் தப்பிச் செல்வர். அல்லது பின்தொடர்ந்து வந்து சுடுவர். ஜெர்மானியரின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானத்துக்கு இத்தொல்லை இல்லை. அதன் எஞ்சினுக்குள் பெட்ரோல் நேரடியாகப் பீச்சப்பட்டது.

ஃபார்ன்பரோவிலிருந்த அரச விமான ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர் இச்சிக்கலுக்கு ஒரு வழி கண்டார். இவர் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தளத்தில் மணிக்கு 100 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய வீராங்கனை. பெட்ரோல் வரும் குழாயில் அளந்து துளையிட்ட சிறு உலோகத் தடை ஒன்றை அவர் வைத்தார். எஞ்சினின் மிகப் பெருந்தேவைக்கு எவ்வளவு பெட்ரோல் வேண்டுமோ அவ்வளவு மட்டுமே அத்துளை வழியே செல்லும். வால்வு முற்றும் திறந்தாலும் எஞ்சின் மூழ்காது. 1941ஆம் ஆண்டில் அவரும் அவருடைய குழுவினரும் விமானத் தளம் தளமாகச் சென்று இதனைப் பொருத்தினர். இது முழுத் தீர்வு அன்று. செம்மையான கார்புரேட்டர்கள் பின்னர் வந்தன. எனினும் வேண்டிய நேரத்தில் கிடைத்த துணை இது.

இதில் அடங்கிய உண்மை யாது? அழுத்தம் வேறு, ஓட்டம் வேறு என்பதே. தெருக்குழாயை அடைத்து வைத்திருக்கும்போது உள்ளே அழுத்தம் நிறைந்திருக்கும். வழியில் அடைப்பு இருந்தால், குழாயைத் திறந்தவுடன் நீர் நூலாக ஒழுகும். எரிபொருள் வடிகட்டி அழுக்கால் அடைபட்ட காரிலும் இதுவே நிகழும். எஞ்சின் ஓய்வாக இயங்கும்போது அதற்கு வேண்டிய பெட்ரோல் சிறிது. அழுத்தமானி சரியான எண்ணையே காட்டும். முழு வேகத்தில் தேவை பன்மடங்காகும்போதுதான் முள் சரியும். படியேறி வந்தவனின் நாடியையும் பார்க்கிற மருத்துவர்போல, எஞ்சின் உழைக்கும் நிலையிலும் அழுத்தமானியைப் பார்க்க வேண்டும். இஃது இரண்டாம் விதி.

போருக்குப் பின்னர் நேரடிப் பீச்சு முறை சாலைக்கு வந்தது. 1954ஆம் ஆண்டில் வெளிவந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல் என்ற ஸ்போர்ட்ஸ் காரில் கார்புரேட்டர் இல்லை. பெட்ரோல் சிலிண்டருக்குள்ளேயே பீச்சப்பட்டது. 1967ஆம் ஆண்டில் பாஷ் நிறுவனம் மின்னணுவியலால் இயங்கும் முறையை வோக்ஸ்வாகன் 1600 காரில் அறிமுகப்படுத்தியது. எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாயில், மின்சாரத்தால் திறந்து மூடும் இன்ஜெக்டர்கள் பெட்ரோலைத் தூவின. எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை மின்னணுப் பெட்டி ஒன்று முடிவு செய்தது.

1969ஆம் ஆண்டில் வந்த போர்ஷே 914 என்ற ஸ்போர்ட்ஸ் கார் நம் தொடக்க வினாவுக்கு நேரான சான்று. நான்கு சிலிண்டர் கொண்ட அக்காரில் முதலில் இருந்தது டி-ஜெட்ரானிக் என்ற முறை. 'டி' என்பது அழுத்தத்தைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து. அதன் மின்னணுப் பெட்டி உறிஞ்சு குழாயின் காற்றழுத்தத்தைத் தானே அளந்து அறிந்தது. ஆகவே பெட்ரோலின் அழுத்தத்தை வெளிக்காற்றுக்கு மேல் ஏறத்தாழ இரண்டு பார் என்று மாறாமல் வைத்தனர். ஒரு பார் என்பது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு ஏறத்தாழ ஈடானது. சதுர அங்குலத்துக்குப் பதினான்கரை பவுண்டு. அக்காரில் அழுத்தமானியைப் பொருத்தினால் எஞ்சின் ஓய்விலும் உழைப்பிலும் முள் ஒரே இடத்தில் நிற்க வேண்டும்.

பின்னர் அதே காரின் 1974ஆம் ஆண்டு வகை ஒன்றில் எல்-ஜெட்ரானிக் என்ற முறை இடம்பெற்றது. 'எல்' என்பது காற்றைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து. இம்முறை உட்செல்லும் காற்றின் அளவை ஒரு மடிப்புத் தகட்டால் அளந்தது. உறிஞ்சு குழாயின் அழுத்தத்தை அறியாது. இன்ஜெக்டரின் ஒரு புறத்தில் பெட்ரோலின் அழுத்தம். மறுபுறத்தில் உறிஞ்சு குழாயின் அழுத்தம். பெட்ரோல் எவ்வளவு பாயும் என்பது இவ்விரண்டின் வேறுபாட்டைப் பொறுத்தது. அவ்வேறுபாடு மாறாதிருக்க வேண்டும். ஆதலின் அழுத்தச் சீராக்கியிலிருந்து உறிஞ்சு குழாய்க்கு மெல்லிய இரப்பர்க் குழாய் ஒன்றை இணைத்தனர்.

இனி எளிய கணக்கு. முழு ஆற்றலில் காற்றுவழி அகலத் திறந்திருக்கும். உறிஞ்சு குழாயின் அழுத்தம் வெளிக்காற்றுக்குச் சமம். பெட்ரோலின் அழுத்தம் 2.5 பார், வேறுபாடும் 2.5. மிதியிலிருந்து காலை எடுத்தால் காற்றுவழி மூடும். எஞ்சின் உறிஞ்சுவதால் குழாயில் ஓரளவு வெற்றிடம் உண்டாகி, அங்குள்ள அழுத்தம் வெளிக்காற்றைவிட ஏறத்தாழ அரை பார் தாழும். சீராக்கி இதனை உணர்ந்து பெட்ரோலின் அழுத்தத்தை இரண்டாக்கும். இரண்டுக்கும், சுழிக்குக் கீழே அரைக்கும் இடையிலுள்ள வேறுபாடு அதே 2.5. ஆகவே முள் இறங்கியது பழுதன்று. வேறுபாடு மாறாமல் காக்கப்பட்டதன் அடையாளம். அம்மெல்லிய குழாயைக் கழற்றி முனையை அடைத்தால் முள் மீண்டும் இரண்டரைக்கு ஏறும். ஏறவில்லையெனில் அப்போதுதான் பழுதைத் தேட வேண்டும். ஒரே கார், ஒரே அழுத்தமானி. டி முறையில் முள் இறங்கினால் குறை. எல் முறையில் இறங்காவிட்டால் குறை!

டர்போ பொருத்திய எஞ்சின்களில் இந்த அறிவு இன்னும் இன்றியமையாதது. டர்போ காற்றை நெருக்கித் தள்ளுவதால் உறிஞ்சு குழாயின் அழுத்தம் வெளிக்காற்றைக் காட்டிலும் மிகும். மிகுதி 0.8 பார் எனக் கொண்டால், அழுத்தமானி 3.3 காட்ட வேண்டும். பம்பு தளர்ந்து முள் 2.5 இலேயே நின்றுவிட்டால், 'வழக்கமான எண்தானே' என்று அறியாதவர் அமைதி கொள்வார். உண்மையில் வேறுபாடு 1.7 ஆகச் சுருங்கிவிட்டது. ஓட்டம் வேறுபாட்டின் இருமடி மூலத்துக்கு ஏற்ப அமைவதால், செல்ல வேண்டிய பெட்ரோலில் ஏறத்தாழ 18 விழுக்காடு குறைகிறது. காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்த கலவை கட்டுமீறி வெடித்து எரியும், வெப்பம் ஏறும், அலுமினியப் பிஸ்டனின் தலை சில நொடிகளில் உருகித் துளைபடவும் கூடும். முள் பொய் கூறவில்லை. வெளிக்காற்றோடு ஒப்பிட்டு அது கூறிய விடையை, உறிஞ்சு குழாயோடு ஒப்பிட்ட விடையாக நாம் கொண்டதே பிழை.

இன்றைய கார்கள் பலவற்றில் போர்டனின் பிறைக்குழாய் இல்லை. மெல்லிய தகடு ஒன்றின் நெளிவை மின்குறியாக்கிக் கணிப்பொறி படிக்கிறது. சிலிண்டருக்குள் நேரடியாகப் பீச்சும் எஞ்சின்களில் பெட்ரோலின் அழுத்தம் 200 பாரையும் தாண்டுகிறது. ஆயினும் கேட்க வேண்டிய வினாக்கள் மாறவில்லை. இவ்வெண்ணின் சுழி எது? எஞ்சின் ஓய்விலிருந்தபோது எடுத்த எண்ணா, உழைத்தபோது எடுத்ததா? இதன் மறுபுறத்தில் நிற்கும் அழுத்தம் எவ்வளவு?

மாணவர்களே, நீங்கள் ஆய்வுக்கூடத்தில் படிக்கும் எந்தக் கருவிக்கும் இவ்வினாக்கள் பொருந்தும். அடிவாரத்து மடத்தில், அசையாத பாதரசத்தை நாள் முழுவதும் பார்த்திருந்த அத்துறவியை நினைவில் வையுங்கள். மலையேறியவரின் பெயர் வரலாற்றில் ஓங்கி ஒலிக்கிறது. கீழே இருந்தவர் கண்டதோ, எதுவும் மாறவில்லை என்பதை மட்டுமே. ஆனால் அவர் காத்த அந்தக் குழாய் இல்லையேல், மலையுச்சியில் கண்ட எண்ணுக்கு யாதொரு பொருளும் இருந்திராது.